குழந்தைக்குத் திட்டமிடும்போது என்ன சாப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எதைச் சாப்பிட்டால் சீக்கிரம் கரு தங்கும்?" உணவு ஆலோசனைக்கு என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் பேச்சை இப்படித்தான் தொடங்குகிறார்கள். அப்படி ஓர் உணவு இருந்தால் எனக்கு வேலையே இருக்காது. திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

அப்படியானால் உணவுக்கும் கருத்தரிப்புக்கும் சம்பந்தமே இல்லையா?

இருக்கிறது. ஆனால் தனியாக ஒரு பழமோ விதையோ அதைச் செய்வதில்லை. சினைப்பை மாதாமாதம் முட்டையை வெளியிட மூளையிலிருந்து உத்தரவு வர வேண்டும். உடம்பில் கொழுப்பு இருப்பு எவ்வளவு, உள்ளே வரும் சாப்பாடு செலவுக்குக் கட்டுப்படியாகிறதா என்று பார்த்துத்தான் மூளை அந்த உத்தரவைப் போடுகிறது. பட்டினி கிடந்தால் உத்தரவு நின்றுபோகும். இன்சுலின் எப்போதும் ஏறியே கிடந்தால் குழம்பிப்போகும். இது ஒரு பக்கம். கரு உருவான முதல் வாரங்களில் அதற்கு வேண்டிய ஃபோலேட் (மாத்திரையில் வரும்போது இதன் பெயர் ஃபோலிக் ஆசிட்), இரும்பு, அயோடின் எல்லாம் தாயின் உடம்பில் ஏற்கெனவே இருப்பில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம்.

மொத்தச் சாப்பாட்டு முறையைப் பார்த்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது அமெரிக்கச் செவிலியர்களிடையே நடந்து 2007இல் வெளிவந்தது. கருத்தரிக்க முயன்ற 17,544 பெண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பைக் குறைத்து, புரதத்தில் ஒரு பங்கைப் பருப்பு, பயறு, கொட்டை வகைகளிலிருந்து எடுத்துக்கொண்டு, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத தானியங்களைச் சாப்பிட்டவர்களிடம், முட்டை வெளிவராததால் வரும் குழந்தையின்மை குறைவாகக் காணப்பட்டது. இது கவனித்து எழுதிய ஆய்வு, மருந்தைக் கொடுத்துச் சோதித்தது போல அல்ல. இப்படிச் சாப்பிடுபவர்களுக்கு வேறு நல்ல பழக்கங்களும் இருந்திருக்கலாம். கருக்குழாய் அடைப்பு போன்ற காரணங்களுக்கு இந்த முடிவு பொருந்தவும் பொருந்தாது.

எவ்வளவு நாள் முன்னால் தொடங்க வேண்டும்?

மூன்று மாதம். இது யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்ன கணக்கு இல்லை. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. அதன்பின் நீந்தும் பக்குவம் பெற இன்னும் சில நாள். இந்த மாதம் வெளிவரும் கருமுட்டையும் நேற்று முளைத்ததல்ல. அதன் கடைசிக்கட்ட வளர்ச்சி சுமார் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிட்டது. ஆகவே "ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று வந்து நிற்பவர்களிடம் நான் காலண்டரைத்தான் காட்டுவேன்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரை கர்ப்பமான பிறகு போட்டால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தட்டையான தகடாக இருந்து, பிறகு குழாயாகச் சுருண்டு மூடிக்கொள்கின்றன. இதை நரம்புக்குழாய் என்கிறார்கள். கரு உருவான 28 நாளுக்குள் அது மூடியாக வேண்டும். நாள் தள்ளிப்போய், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்து, கிட் வாங்கிச் சோதித்து, டாக்டரிடம் நேரம் வாங்கிப் போவதற்குள் அந்த 28 நாள் பெரும்பாலும் முடிந்துவிடும். மூடாமல் விட்ட இடத்தில் முதுகுத்தண்டுப் பிளவு போன்ற குறைகள் வருகின்றன. மாத்திரை முன்கூட்டியே உடம்பில் இருந்தால்தான் பயன்.

1991இல் வெளியான ஆய்வு ஒன்று இதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவியது. பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 7 நாடுகளில் 33 மையங்களில் அதை நடத்தியது. ஏற்கெனவே இந்தக் குறையுள்ள குழந்தையைச் சுமந்த பெண்களுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் கொடுத்தபோது, அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. 1998 முதல் அமெரிக்காவில் தானிய மாவுகளில் ஃபோலிக் ஆசிட் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது.

பெரும்பாலானவர்களுக்கு அளவு, தினம் 400 மைக்ரோகிராம். கரு உண்டாவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் முடியும்வரை. மூன்று மாதம் முன்பே தொடங்கினால் இன்னும் நல்லது.

வீட்டில் இருக்கும் அட்டையில் 5 மி.கி. என்று போட்டிருக்கிறதே?

நல்ல கேள்வி. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 5 மில்லிகிராம் என்றால் 5,000 மைக்ரோகிராம். 400க்கும் இதற்கும் பன்னிரண்டரை மடங்கு வித்தியாசம். முந்தைய கருவில் நரம்புக்குழாய்க் குறை இருந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், சில வலிப்பு மருந்துகள் எடுப்பவர்கள் ஆகியோருக்கு டாக்டர்கள் 4 அல்லது 5 மில்லிகிராம் எழுதுவார்கள். அவர்கள் அதைத்தான் போட வேண்டும், 400க்குக் குறைக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அது தேவையில்லை. பி12 குறைவாக இருப்பவர் அதிக ஃபோலிக் ஆசிட் போட்டால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு பாதிப்பு மட்டும் உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும்.

தினமும் கீரை சாப்பிடுகிறேன். மாத்திரை எதற்கு?

கீரையைத் தொடருங்கள், மாத்திரையையும் போடுங்கள். உணவில் உள்ள ஃபோலேட் நீரில் கரையும், சூட்டில் அழியும். கொதிக்கவைத்து வடித்த தண்ணீரோடு பாதி சாக்கடைக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவதையும் உடம்பு முழுதாக உறிஞ்சுவதில்லை. பல ஊட்டச்சத்துகளில் "உணவே போதும்" என்று வாதாடுபவள் நான். இதில் மட்டும் மாத்திரைக் கட்சி.

மெத்தில்ஃபோலேட் என்று ஃபோலேட்டின் இன்னொரு வடிவத்தை விலை கூட்டி விற்கிறார்களே?

நரம்புக்குழாய்க் குறையைத் தடுப்பதாக நிரூபிக்கப்பட்டது சாதாரண ஃபோலிக் ஆசிட்தான். ஃபோலேட்டை உடம்பு கையாள உதவும் எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பவர்களின் உடம்பும் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது.

சாதாரண நாளில் தட்டில் என்ன இருக்க வேண்டும்?

தட்டை நடுவில் ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதி முழுக்கக் காய்கறி, கீரை. மறு பாதியை மீண்டும் இரண்டாக்கினால் ஒரு கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் அல்லது கறி. மிச்சக் கால் பங்குதான் சோறோ ரொட்டியோ. நிறையப் பேர் வீட்டில் இது தலைகீழாக இருக்கிறது: முக்கால் தட்டு தானியம், ஓரத்தில் ஒரு கரண்டி காய். இந்த ஒன்றை மாற்றினாலே கால்வாசி வேலை முடிந்தது.

இதற்கு வெளியே ஒரு பழம், ஒரு கைப்பிடி கொட்டை வகை, பால் அல்லது தயிர். சமையலுக்கு அயோடின் உப்பு. கல்லுப்பு, இளஞ்சிவப்பு உப்பு என்று மாறியவர்கள் கவனிக்க: அவற்றில் அயோடின் பெரும்பாலும் போதிய அளவு இருக்காது. சாதாரணமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். கர்ப்பத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது 250. முதல் மாதங்களில் குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு சுரப்பதில்லை, தாயினுடையதை நம்பித்தான் அதன் மூளை வளர்கிறது.

வனஸ்பதியில் பொரித்தது, திரும்பத் திரும்பச் சுடவைத்த எண்ணெயில் செய்தது, பாக்கெட் பேக்கரிப் பண்டம் இவற்றைக் குறையுங்கள். டிரான்ஸ் கொழுப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

ரத்தம் கொஞ்சம் குறைவு என்றார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

இப்போதே பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவே பெருகுகிறது, இரும்புத் தேவை எகிறுகிறது. காலி டப்பாவோடு அந்தப் பயணத்தைத் தொடங்கினால் பின்னால் நிரப்புவது கஷ்டம். முடிந்தால் உடம்பில் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே கையிருப்பு தீர்ந்திருப்பதை அது காட்டிக்கொடுக்கும்.

சாப்பாட்டில் ஒரு சின்ன மாற்றம் பெரிதாக உதவும். பருப்பு, கீரையில் இருக்கும் இரும்பை டீயும் காபியும் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயும் முன் டீ டம்ளரை எடுப்பவர் என்றால், அதை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். அந்த இடத்தில் எலுமிச்சை பிழிந்த தண்ணீரோ ஒரு கொய்யாத் துண்டோ வந்தால் வைட்டமின் சி இரும்பைக் கூடுதலாக உள்ளே இழுக்கும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள், ஒன்று மற்றொன்றை மறிக்கும்.

இதெல்லாம் பெண்களுக்குத்தானே? கணவர் எதற்கு டயட் பார்க்க வேண்டும்?

ஆலோசனைக்கு வந்த அன்று மனைவி நோட்டில் குறிப்பெடுப்பார், கணவர் பக்கத்து நாற்காலியில் போனைத் தள்ளிக்கொண்டிருப்பார். நான் முதல் கேள்வியை அவரிடம்தான் கேட்பேன். குழந்தையின்மையில் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ கிட்டத்தட்டப் பாதித் தம்பதிகளிடம் இருக்கிறது. "விசேஷம் உண்டா?" என்று ஊர் கேட்பது மட்டும் அவளைத்தான்.

ஸ்பெயினில் 119 ஆரோக்கியமான இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது, 2018இல் முடிவு வந்தது. ஒரு பிரிவினர் 14 வாரம் தினமும் 60 கிராம் பாதாம், ஹேசல்நட், வால்நட் சாப்பிட்டார்கள். விந்தணுவின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் மூன்றும் மேம்பட்டன. அவர்கள் பிரச்சினை இல்லாதவர்கள் என்பதையும், அவர்களுக்குக் குழந்தை பிறந்ததா என்று அந்தச் சோதனை பார்க்கவில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் கதை வேறு. சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதிகளில் ஆண்களுக்கு ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் ஆசிடும் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்கச் சோதனையின் முடிவு 2020இல் வந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் குழந்தை பிறப்பதில் வித்தியாசமே இல்லை. வயிற்றுக் கோளாறுதான் கூடுதல். "ஆண்மைச் சத்து" டப்பாக்களில் நிரப்பியிருப்பது பெரும்பாலும் இவற்றையும் இவற்றின் உறவுகளையும்தான்.

ஜிம்முக்குப் போகிறவரா? டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஸ்டீராய்டோ போட்டால் தசை ஏறும், விந்தணு இறங்கும். வெளியிலிருந்து ஹார்மோன் வருகிறது என்று தெரிந்ததும் மூளை விரைக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போகலாம். நிறுத்திய பிறகு திரும்பிவர மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு ஓராண்டையும் தாண்டும். இதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். சிகரெட்டை இருவருமே விட வேண்டும்.

எடை கூடுதல். எவ்வளவு குறைத்தால் போதும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே போதும். எடை கூடி, மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருப்பவர்களில் பலருக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் இறங்கினாலே முட்டை வெளிவரத் தொடங்குகிறது. 80 கிலோ என்றால் 4 முதல் 8 கிலோ. கல்யாணத்துக்கு முன் இருந்த எடைக்கே திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரம் ஜூஸ் மட்டும் குடித்து இறக்கும் வித்தைகள் வேண்டாம். சத்திருப்பு கரைந்த உடம்பில் கருவைச் சுமக்கத் தொடங்குவது சரியில்லை. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்கள் 12 முதல் 18 மாதம் பொறுக்கச் சொல்வார்கள். எடை குறைக்கவோ சர்க்கரை நோய்க்கோ செமாக்ளூடைட் ஊசி போடுபவர்கள், கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். ஊசியின்போது பசி அடங்கிச் சாப்பாடு சுருங்கியிருக்கும், அந்தக் குறையை ஈடுகட்டவும் அவகாசம் வேண்டும்.

எனக்கு எடை குறைவு. அதுவும் பிரச்சினையா?

ஆமாம். இதை யாரும் சொல்வதில்லை. ஒல்லி என்றால் ஆரோக்கியம் என்று பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 18.5க்குக் கீழே இருந்தால், அல்லது எடை சரியாக இருந்தும் கடும் உடற்பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடவில்லை என்றால், பீரியட்ஸ் தாமதமாகும், நின்றும் போகும். அங்கே மருந்து கூடுதல் சாப்பாடும் குறைந்த ஓட்டமும்தான். ஒவ்வொரு வேளையிலும் ஒரு முட்டை, ஒரு கரண்டி பருப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய் என்று கூட்டிக்கொண்டே போங்கள்.

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லப்படும் ஹார்மோன் கோளாறு) இருக்கிறது. கார்போஹைட்ரேட்டை அடியோடு நிறுத்தவா?

தேவையில்லை. 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், எந்த ஒரு டயட்டும் மற்றதைவிட மேல் என்று நிரூபணம் இல்லை என்றே சொல்கிறது. உங்களால் ஓராண்டு விடாமல் பின்பற்ற முடிகிற முறை எதுவோ அதுதான் உங்களுக்கானது. இனிப்பான பானங்களை நிறுத்துங்கள், தீட்டிய தானியத்தின் இடத்தில் முழுத்தானியத்தையும் பயறையும் கொண்டுவாருங்கள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் நடங்கள். இதற்காகவோ சர்க்கரைக்காகவோ மெட்ஃபார்மின் மாத்திரை நீண்ட நாள் எடுப்பவர்கள் பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அந்த மாத்திரை அதைக் குறைக்கும்.

காபி, மது?

காஃபீன் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும். ஒரு மக் இன்ஸ்டன்ட் காபியில் சுமார் 100, வடிகட்டிய காபியில் 140, டீயில் 75. எனர்ஜி டிரிங்க், கோலா, சாக்லேட் எல்லாம் அதே கணக்கில் வரும். மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. கருவுற்றது தெரியாத அந்த முதல் வாரங்களையும் நினைத்து, முயலத் தொடங்கும்போதே நிறுத்துங்கள்.

மீனில் பாதரசம் என்கிறார்களே, விட்டுவிடவா?

மீனை விட வேண்டாம், பெரிய மீனை விடுங்கள். சுறா, வாள்மீன், பெரிய சூரை போன்றவை சின்ன மீன்களைத் தின்று தின்றே பாதரசத்தைச் சேர்த்துவைத்திருக்கும். உடம்பில் சேர்ந்த பாதரசம் வெளியேற மாதக்கணக்கு ஆவதால் முன்கூட்டியே குறைப்பது நல்லது. மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களை வாரம் இரண்டு முறை சாப்பிட்டால் ஒமேகா 3 கிடைக்கும்.

நாங்கள் சைவம். என்ன குறையும்?

முக்கியமாக பி12. பால், தயிர் தாராளமாகச் சேர்ப்பவர்களிடமும் இது குறைவாக இருக்கலாம். பாலும் இல்லாத வீகன் என்றால் மாத்திரை தவிர வழியில்லை. இரும்பு, அயோடின், ஒமேகா 3 மூன்றையும் கவனியுங்கள். கோலின் என்று ஒரு சத்து அதிகம் பேசப்படுவதில்லை. பெண்ணுக்குத் தினம் 425 மில்லிகிராம் வேண்டும், ஒரு முட்டையில் ஏறத்தாழ 147 இருக்கிறது. முட்டை சாப்பிடாதவர்கள் சோயா, கொண்டைக்கடலை, காலிஃபிளவர் என்று சேர்த்துச் சேர்த்துத்தான் எட்ட வேண்டும்.

சோயா சாப்பிட்டால் ஹார்மோன் கெடுமாமே? அன்னாசியின் நடுத்தண்டு சாப்பிட்டால் கரு ஒட்டுமாமே?

சோயா உணவு அளவாகச் சாப்பிட்டால் ஆணுக்கும் சரி பெண்ணுக்கும் சரி கெடுதல் இல்லை. அன்னாசித் தண்டுக் கதைக்கு ஆதாரம் இல்லை. பிடித்தால் பழத்தைச் சாப்பிடுங்கள், தண்டை மென்று பல்லை வருத்த வேண்டாம்.

நான் ஏற்கெனவே நிறைய சப்ளிமென்ட் எடுக்கிறேன். இது நல்லதுதானே?

எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு மேசையில் கொட்டுங்கள். பின்பக்க அட்டவணையைப் பார்த்து ஒரு தாளில் கூட்டுங்கள், வைட்டமின் ஏ என்ற வரியை மட்டும். மல்டிவைட்டமினில் கொஞ்சம், தோல் பளபளப்புக்கு என்று வாங்கியதில் கொஞ்சம், மீன் ஈரல் எண்ணெயில் கொஞ்சம். ரெட்டினால் வடிவில் இது நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராமை, அதாவது சில டப்பாக்களில் இருக்கும் அலகில் 10,000 ஐயூவைத் தாண்டினால் கருவில் உறுப்புக் குறைபாடுகள் வரக்கூடும். ஈரலை அடிக்கடி சாப்பிடுவதும் இதே காரணத்தால் வேண்டாம். கேரட், பூசணியின் பீட்டா கரோட்டினுக்கு இந்தப் பயம் இல்லை. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் எடுப்பவர் கருத்தரிக்கவே கூடாது. அதை நிறுத்தி எவ்வளவு நாள் கழித்து முயலலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

முடி வளர விழுங்கும் பயோட்டின் தைராய்டு ரத்தப் பரிசோதனையின் எண்களையே மாற்றிக்காட்டும். சோதனைக்குப் போகும்போது அதைச் சொல்லிவிடுங்கள். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத மூலிகைப் பொடிகளை நான் பையிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிடுவேன். அப்படிப்பட்ட சிலவற்றில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

சுகர், தைராய்டு இரண்டும் இருக்கிறது.

மருத்துவரிடம் முதலில் போங்கள், என்னிடம் பிறகு வாருங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் கருத்தரிப்பதே நல்லது. தாழ்சர்க்கரை வராமல் அங்கே சேர்வதற்குச் சாப்பாட்டையும் மருந்தையும் சேர்த்துத் திருத்த வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபியை அரை மணி முதல் ஒரு மணி நேரம் தள்ளுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி.

எவ்வளவு நாள் சாப்பாட்டை மட்டும் நம்பியிருக்கலாம்?

35 வயதுக்குக் கீழே இருந்தால் ஓராண்டு. 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம். பீரியட்ஸ் வராமலே இருந்தால், முன்பு இடுப்புப் பகுதியில் கிருமித்தொற்றோ அறுவை சிகிச்சையோ நடந்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம். அடைத்த கருக்குழாயை எந்தக் கஷாயமும் திறக்காது, வயதால் குறைந்த முட்டைகளை எந்த விதையும் திருப்பித் தராது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. அவர்கள் எல்லோரும் தப்பாகச் சாப்பிட்டவர்கள் இல்லை. "நான் அன்றைக்கு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன், அதனால்தான் தங்கவில்லையோ" என்று அழுதவர்களுக்கு டயட் அட்டவணையைக் கொடுக்காமலே அனுப்பியிருக்கிறேன்.

எதையும் திட்டமிடவில்லை, நாள் தள்ளிப்போய்விட்டது. இப்போது என்ன செய்ய?

இன்றைக்கே 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடைத் தொடங்குங்கள், கர்ப்பத்தின் 12 வாரம் முடியும்வரை விடாதீர்கள். மது, சிகரெட் இருந்தால் இந்த நிமிடத்தோடு சரி. வழக்கமாக எடுக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்தாமல், எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். குமட்டலில் இந்தப் பக்கத்தில் சொன்ன தட்டெல்லாம் சாத்தியப்படாமல் போகலாம். இறங்குகிறதைச் சாப்பிடுங்கள், தண்ணீர் மட்டும் உள்ளே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.